மூன்று கிழமையாகியும் ஆறாத பல்லுக்கொதி



இந்த முறை விசா, விசாரணை, உதவிப்பணம் ஒன்றும் இல்லை. பல்லைப் பற்றி எழுதுகிறேன். "ரீச்சர், பல்லுக்கொதிக்கு ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. ஏன் எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் தம்பி ஒருவர் பாடனில் எங்கள் மேசைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கையில் ஒரு கடிதம். பல் கட்டுவதற்கு அனுப்பிய செலவு மதிப்பீட்டை ஏற்கவில்லை என்று எழுதியிருந்தது. கடிதத்தை வாசித்துச் சொன்னேன். அவர் அதைக் கேட்டாரோ தெரியாது, ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "நோவுதோ?" என்று கேட்டேன். "நோ இப்ப குறைவு ரீச்சர். ஆனால் பல்லுப் புடுங்கின ஓட்டை இரண்டு மாசமாகியும் மூடேல்லை. கீழ்ச் சொண்டு ஒரு பக்கம் மரத்துப்போய்க் கிடக்கு" என்றார்.

சொண்டு மரத்ததை வைத்தியரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை. அவர் கேட்கவில்லை, இவருக்கும் ஜெர்மன் மொழியில் "பல்", "நோ" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் தெரியாது. அதோடு, ஊரில் பிடித்துக்கொண்டு போனபோது அதே பக்கத் தாடையில்தான் அடித்தார்களாம். அந்தப் பழைய அடியின் வேலை என்று தானே முடிவு செய்துவிட்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடுதிப் பொறுப்பாளரோடு பேசி, குடும்ப வைத்தியரிடம் அனுப்பி, அங்கிருந்து வைத்தியசாலைக்குப் போய், எக்ஸ்றே, ஸ்கான், சதைத் துண்டு எடுத்துப் பரிசோதனை. முடிவு: தாடை எலும்பில் புற்றுநோய். ஒஸ்டியோசர்கோமா என்று பெயர். மருந்தேற்றினார்கள், தாடையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, காலில் உள்ள மெல்லிய எலும்பை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்கள். இப்போது இருக்கிறார். குழைசோறு சாப்பிடுகிறார். "எழுதுங்கோ ரீச்சர், ஆனால் என்னைத் தெரியாமல் எழுதுங்கோ" என்று சொன்னதால், ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கே பிசகியது என்று அவருடைய கடதாசிகளை எல்லாம் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஆசிரியப் பழக்கம், தேதி ஒழுங்கில் அடுக்கினேன். முதலாவது பல் வைத்தியரைப் பார்த்தது மத்திய அரசின் அகதி நிலையத்தில் இருந்தபோது. கொடுப்புப் பல்லில் நோ, அன்ரிபயோட்டிக் கொடுத்தார். பிறகு ஆர்காவ் மாநிலத்துக்கு மாற்றினார்கள். இங்கே இன்னொரு பல் வைத்தியர், பல்லைப் பிடுங்கினார். பிறகு விடுதி மாற்றம். மூன்றாவது பல் வைத்தியர், ஆறாத புண் என்று மறுபடியும் அன்ரிபயோட்டிக். மூன்று பேரும் தங்கள் முன்னால் இருந்ததற்குச் சரியான வைத்தியம்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் மூன்று பேருக்கும் அது முதலாவது கிழமை. அவருக்கு மட்டும்தான் அது பதினாறாவது கிழமை.

நாங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிற ஆட்கள். ஒரே வாயை ஒரே வைத்தியர் ஆறு மாதம் பார்க்கிற வசதி எங்களுக்குக் கிடைப்பது குறைவு. அதனால் நாளை எண்ணுகிற வேலையை நாங்கள்தான் செய்ய வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பயப்படுவதற்கு முன்

பல் நோகிற எல்லோருக்கும் புற்றுநோய் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. நூறு பேருக்குப் பல் நொந்தால் நூறு பேருக்கும் சூத்தைப் பல், முரசு வீக்கம், ஞானப்பல் முளைப்பு, பல் வேரில் சீழ் என்றுதான் இருக்கும். தாடை எலும்பிலேயே தொடங்கும் ஒஸ்டியோசர்கோமா பத்து இலட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. கை கால் எலும்புகளில் இந்த நோய் பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வரும். தாடையில் வரும்போது பத்து இருபது வருடம் பிந்தி, முப்பது வயதை ஒட்டி வருவதுதான் வழமை. அதாவது அகதியாக வருகிற எங்கள் இளைஞர்களின் வயது.

அபூர்வம் என்பதுதான் இதில் உள்ள சிக்கலும். ஒரு பல் வைத்தியர் முப்பது வருடம் வேலை செய்து ஒரு தடவைகூட இதைக் காணாமல் ஓய்வு பெறலாம். காணாத ஒன்றை யார் முதலில் நினைப்பார்கள்? பல்லுக்கொதி என்று போனால் பல்லைத்தான் பார்ப்பார்கள். அது குற்றமில்லை.

பல்லுப் பிரச்சினை போல வேடம் போடுகிற நோய் இது ஒன்று மட்டும் அல்ல. முரசில் தொடங்கித் தாடை எலும்புக்குள் இறங்கும் புற்றுநோய் இருக்கிறது, எங்கள் ஆட்களுக்கு உண்மையில் கூடுதலாக வருவது அதுதான். மேல்தாடைக்கு மேலே கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையில் வருவது ஒன்று. நிணநீர்க் கணுக்களின் புற்றுநோயான லிம்போமா தாடையில் தலைகாட்டுவது ஒன்று. மார்பு, நுரையீரல், சிறுநீரகம் முதலிய இடங்களில் உள்ள புற்றுநோய் தாடைக்குப் பரவி, அங்கேதான் முதன்முதல் தெரியவருவதும் உண்டு. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். எல்லாவற்றுக்கும் அடையாளங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

எதைக் கவனிப்பது

முதலாவது, காலம். வாயில் உள்ள சாதாரணப் புண் பத்து நாள், கூடினால் இரண்டு கிழமையில் ஆறிவிடும். பல்லுப் பிடுங்கிய இடத்தில் எலும்பு நிரம்ப மாதங்கள் செல்லும், ஆனால் மேலே உள்ள சதை மூன்று கிழமையளவில் மூடிவிட வேண்டும். மூடாமல் இருந்தால், அல்லது அந்தக் குழிக்குள்ளிருந்து சதை போல ஏதாவது வளர்ந்து வெளியே வந்தால், "இன்னும் கொஞ்ச நாள் பாப்பம்" என்ற கதை வேண்டாம். சிகரெட் குடிப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் காயம் ஆறப் பிந்தும் என்பது உண்மைதான். அதை முடிவு செய்ய வேண்டியது வைத்தியர், நாங்கள் இல்லை.

இரண்டாவது, மரப்பு. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அடையாளம். கீழ்த்தாடை எலும்பு கட்டை போல முழுக்க இறுகியது அல்ல. அதன் உள்ளே ஒரு குழாய் ஓடுகிறது, அந்தக் குழாய்க்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. பற்களுக்கு உணர்வு கொடுத்துவிட்டு அது நாடிக்குப் பக்கத்தில் வெளியே வந்து கீழ்ச் சொண்டுக்கும் நாடிக்கும் போகிறது. சாதாரணப் பல் நோய் இந்த நரம்பைத் தொடுவது மிகக் குறைவு. எலும்புக்குள் வளர்கிற கட்டி தொடும். பல் வைத்தியர் ஊசி போட்டு இரண்டு மணித்தியாலம் மரத்துப்போவது வேறு கதை. ஞானப்பல் பிடுங்கிய பிறகு நரம்பு பட்டு மரப்பதும் உண்டு, அதற்குக் காரணம் தெரியும். ஒரு காரணமும் இல்லாமல், அல்லது பல் பிடுங்குவதற்கு முன்னமே, சொண்டோ நாடியோ ஒரு பக்கம் மரத்தால், ஊசி குத்துவது போல விறுவிறுத்தால், மூன்று கிழமையும் காத்திருக்க வேண்டாம். அடுத்த நாளே சொல்லுங்கள். நோ இல்லையே என்று விடாதீர்கள். எங்கள் தம்பிக்கு நோ குறைந்த பிறகுதான் மரப்பு வந்தது, அதையே சுகமாகிறது என்று நினைத்தார்.

மூன்றாவது, பல் ஆட்டம். முரசு நோயால் பல் ஆடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது வருடக்கணக்கில் வரும், பல பற்களில் வரும், ஊத்தை படிந்த முரசில் வரும். நல்ல சுத்தமான வாயில், இளவயதில், பக்கத்துப் பக்கத்து இரண்டு பல் மட்டும் ஒரு மாதத்துக்குள் ஆடத் தொடங்கினால் அது வேறு. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நூல் அளவு மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. ஒஸ்டியோசர்கோமா சில வேளை முதலில் அந்தச் சவ்வின் வழியாகத்தான் பரவும். அப்போது எக்ஸ்றேயில் அந்த இடைவெளி அகன்று தெரியும். தெரிந்த கண் பார்த்தால் பிடித்துவிடும்.

மேல்தாடையில் வந்தால் இன்னும் குழப்பம். மேல் கொடுப்புப் பற்கள் நோகும், கன்னம் பாரமாக இருக்கும், தடிமன் பிடித்தது போல ஒரு பக்க மூக்கு மட்டும் அடைக்கும், இரத்தம் கலந்த சளி வரும். பொய்ப்பல் கட்டியவர்களுக்கு, இவ்வளவு நாள் பொருந்திய பல் திடீரென்று பொருந்தாமல் போகும்.

கழுத்தில் நோகாத கட்டி, வாயை முன்போலத் திறக்க முடியாமை, முகம் ஒரு பக்கம் கோணுவது, இவையும் சேர்த்தி.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அன்ரிபயோட்டிக் எடுத்ததும் "கொஞ்சம் குறைஞ்சது" என்பதை நம்பிவிடாதீர்கள். கட்டியின் மேல் கிருமியும் சேர்ந்திருக்கும். மருந்து கிருமியைக் கொல்லும், வீக்கம் இறங்கும், கட்டி அப்படியே இருக்கும். வீக்கத்துக்குக் கொடுக்கிற கோர்ட்டிசோன் லிம்போமாவைக் கொஞ்ச நாள் சுருங்கவும் வைக்கும். ஆகவே ஒரு தடவை மருந்து எடுத்து, திரும்ப அதே இடத்தில் வந்தால், இரண்டாவது தடவையும் அதே மருந்தை வாங்கிக்கொண்டு பேசாமல் வராதீர்கள். "ஏன் திரும்ப வந்தது?" என்று கேளுங்கள். கேட்கிறது மரியாதைக் குறைவு இல்லை. நான் பதினொரு வருடம் படிப்பித்தவள், கேள்வி கேட்கிற பிள்ளையில் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு

பிள்ளைகளுக்குப் பாற்பல் ஆடுவது ஏறக்குறைய ஆறு வயதில் தொடங்கும், முன்பற்களில் தொடங்கும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குக் கொடுப்புப் பல் ஆடி, கன்னமும் வீங்கினால் மூன்று கிழமைக் கணக்குப் பார்க்க வேண்டாம். அதே நாள் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1957இல் உகண்டாவின் கம்பாலா நகரில் முலாகோ வைத்தியசாலையில் டெனிஸ் பேர்க்கிற் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரிடம் ஒரு சிறுவனைக் காட்டினார்கள். மேல்தாடை, கீழ்த்தாடை, இரண்டு பக்கமும் என நான்கு மூலையிலும் வீக்கம், பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. கிருமியால் வந்த வீக்கம் என்றால் நான்கு மூலையிலும் ஒரே நேரம் ஏன் வரும் என்று அவருக்கு விளங்கவில்லை. கொஞ்ச நாளில் ஜிஞ்சா என்ற ஊர் வைத்தியசாலைக்குப் போனபோது, யன்னல் வழியே பார்த்தால் வெளியே இன்னொரு பிள்ளை, அதே முகம். ஒன்று என்றால் தற்செயல், இரண்டு என்றால் ஏதோ இருக்கிறது என்று தேடத் தொடங்கி 1958இல் கட்டுரை எழுதினார். இன்று அந்த நோய்க்கு அவர் பெயர்தான், பேர்க்கிற் லிம்போமா. மிக வேகமாக வளரும். ஆனால் மருந்துக்கு மிக நன்றாகக் கேட்கும், நேரத்துக்குத் தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகிவிடுகிறார்கள். ஐரோப்பாவில் இது குறைவு, தாடையில் வருவது இன்னும் குறைவு. இரண்டு பிள்ளைகளையும் ஒரே ஆள் பார்த்ததால்தான் இது பிடிபட்டது என்பதைக் கவனியுங்கள்.

வெற்றிலைச் சங்கதி

வெற்றிலை போடுகிறவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகாதீர்கள். பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஒதுக்கி வைக்கிற இடம் எது? கீழ் முரசுக்கும் சொக்கைக்கும் நடுவே. புற்று வருவதும் அதே இடத்தில்தான். முரசில் வரும் புண் பல் வேர் வழியாகத் தாடை எலும்புக்குள் போய்விடும். வெளியே பார்த்தால் முரசு நோய் மாதிரியே இருக்கும், பல் ஆடும், இரத்தம் கசியும். "புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று சொல்லிவிட்டது. கடைகளில் பொட்டலமாக விற்கும் இனிப்புப் பாக்கும் இதற்குள் அடக்கம். வாய் வரவரச் சிறிதாகத் திறப்பதும், காரம் தாங்காமல் எரிவதும், உட்சொக்கை வெளிறி இறுகுவதும் பாக்கின் வேலை. அது புற்றுநோய் அல்ல, ஆனால் அதற்குப் போகிற பாதையில் உள்ள ஒன்று.

இங்குள்ள பல் வைத்தியருக்கு வெற்றிலை என்றால் என்ன என்று தெரியாமல் இருக்கலாம். பற்கறையைத் தேநீர்க் கறை என்று நினைக்கலாம். நீங்களாகச் சொல்ல வேண்டும். "பேட்டல்நுஸ்" என்று சொன்னால் விளங்கும். எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதையும் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வாயைத் திறந்து பார்ப்பது பெரிய தொழில்நுட்பம் அல்ல. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய்க் கண்ணால் பார்த்ததிலேயே, புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்தது என்று 2005இல் எழுதினார்கள். இலங்கையில் அதற்கு முன்னமே, 1980களின் தொடக்கத்தில், ஆரம்ப சுகாதார ஊழியர்களைக் கொண்டு 28,000 பேருக்கு மேல் வாய் பார்த்தார்கள். ஊழியர்கள் சந்தேகமான புண்களைச் சரியாகத்தான் பிடித்தார்கள். ஆனால் மறு பரிசோதனைக்கு வரச் சொன்னவர்களில் பெருந்தொகையானோர் போகவே இல்லை. நோகவில்லை, வயல் வேலை, பஸ் காசு. எங்கள் ஊர்ச் சனத்தை எனக்குத் தெரியும். இங்கேயும் அதே கதை நடக்கிறது, பஸ்ஸுக்குப் பதில் ரயில், அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஃபோன் வெளிச்சத்தில் உங்கள் வாயை நீங்களே பாருங்கள். நாக்கின் இரு ஓரம், நாக்குக்குக் கீழே, சொக்கையின் உட்பக்கம், முரசு. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, தடித்த ஓரமுள்ள புண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வைத்தியர் எப்படிக் கண்டுபிடிப்பார்

பல் வைத்தியர் முதலில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்ப்பார். வேரில் சீழ் கட்டிய பல் பெரும்பாலும் உயிரில்லாத பல், குளிர் தெரியாது. பல் உயிரோடு இருக்கிறது, குளிர் நன்றாகத் தெரிகிறது, ஆனால் வேருக்குக் கீழே எலும்பு கரைந்திருக்கிறது என்றால், வருத்தம் பல்லில் இருந்து வரவில்லை என்று யோசிக்க வேண்டும். அடுத்தது முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்றே. பனோராமா படம் என்பார்கள். தலையைச் சுற்றி இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றும், நோகாது. சாதாரண நீர்க்கட்டியின் ஓரம் கோடு போட்டது போலத் தெளிவாக இருக்கும். கெட்ட கட்டியின் ஓரம் பூச்சி அரித்த துணி மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் படம் சரியாகவே தெரியலாம். ஆகவே "எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை" என்ற ஒரு சொல்லோடு, சொண்டு மரத்திருப்பதை மறந்துவிடக்கூடாது. தேவையானால் சி.ரி. ஸ்கான், எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

கடைசி முடிவு சொல்வது சதைத் துண்டுப் பரிசோதனை மட்டுமே. பயொப்சி. மரக்க ஊசி போட்டுச் சிறு துண்டு வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். "கத்தி வைச்சால் கான்சர் பரவும்" என்று ஒரு கதை எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. இந்தப் பயத்தில் பரிசோதனையைத் தட்டிக் கழித்தவர்களை எனக்குத் தெரியும். பெயர் தெரியாத நோய்க்கு யாரும் வைத்தியம் செய்ய முடியாது. முறையாக எடுக்கும் துண்டால் வரும் ஆபத்தைவிடக் காத்திருப்பதால் வரும் ஆபத்துப் பெரிது. பெறுபேறு வரச் சில நாள் தொடக்கம் ஒன்றிரண்டு கிழமை செல்லும். எலும்பாக இருந்தால் கூடவும் செல்லும். அந்த நாட்களில் தனியாக இருக்காதீர்கள், யாரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள்.

காசு யார் கட்டுவது

சுவிஸில் அடிப்படை மருத்துவக் காப்புறுதி, அதாவது கிராங்கன்காசை, சாதாரணப் பல் வைத்தியத்துக்குப் பணம் கட்டாது. அகதி விண்ணப்பதாரர் என்றால் உதவிப்பணப் பகுதிதான் பார்க்கும். நோ நிறுத்துவது, பிடுங்குவது, எளிய அடைப்பு இவைக்கு விடுவார்கள். பெரிய வேலைக்கு முதலில் செலவு மதிப்பீடு அனுப்பி அனுமதி எடுக்க வேண்டும். இதனால் என்ன நடக்கிறது? "பல்" என்ற சொல் வந்ததும் எங்கள் ஆட்களே பின்வாங்குகிறார்கள். காசில்லை, விடமாட்டார்கள், பனடோலைப் போட்டுவிட்டுப் படுப்போம்.

ஆனால் தாடையில் கட்டி என்பது பல் வைத்தியக் கணக்கில் வராது. மருத்துவக் காப்புறுதிச் சட்டத்தின் 31வது பிரிவும், அதன் கீழ் வரும் கே.எல்.வி. ஒழுங்குவிதியின் 17வது பிரிவும், கிராங்கன்காசை பொறுப்பேற்க வேண்டிய வாய், தாடை நோய்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கின்றன. தாடையில் வரும் சாதாரணக் கட்டி, முகம் தாடை கழுத்தில் வரும் புற்றுநோய், தாடை எலும்பின் கிருமி அழற்சி எல்லாம் அதில் உண்டு. குடும்ப வைத்தியரிடம் போய் "முகம் மரக்குது, புண் ஆறேல்லை" என்று காட்டுவதும் சாதாரண வைத்தியச் செலவுதான். எனவே பல் வைத்தியரின் கதவு மூடியிருந்தால் குடும்ப வைத்தியரின் கதவைத் தட்டுங்கள். விடுதியில் இருப்பவர்கள் பொறுப்பாளரிடமோ தாதியிடமோ சொல்லி நேரம் எடுக்க வேண்டும். அவரிடமும் "பல் நோகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை கிழமை என்று சொல்லுங்கள். குடும்ப வைத்தியர் தேவை கண்டால் டெட்வில்லில் உள்ள பாடன் கன்ரோன் வைத்தியசாலைக்கோ, சூரிச் பல்கலைக்கழக வைத்தியசாலையின் முகத்தாடைச் சத்திரசிகிச்சைப் பகுதிக்கோ துண்டு எழுதுவார். அந்தத் துண்டுக்குப் பெயர் ஊபர்வைசுங்.

மூச்சு விடவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால், அல்லது கழுத்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் துண்டும் வேண்டாம், நேரமும் வேண்டாம். 144க்கு அடியுங்கள். அது பெரும்பாலும் புற்றுநோயாக இராது, சீழ் பரவுவதாக இருக்கும். ஆனால் அது இன்னும் அவசரம்.

சொல்ல வேண்டிய சொற்கள்

தமிழ் எழுத்தில் தருகிறேன். துண்டில் எழுதிக் காட்டினாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி.

"இஹ் ஹாபெ சைட் செக்ஸ் வோகன் ஷ்மேர்ற்சன்." ஆறு கிழமையாக எனக்கு நோ இருக்கிறது. (செக்ஸ் என்பது இங்கே ஆறு. சிரிக்காதீர்கள், வகுப்பில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.)

"டீ வுண்டெ ஹைல்ட் நிஹ்ட்." புண் ஆறவில்லை.

"மைனெ லிப்பெ இஸ்ட் டௌப்." என் சொண்டு மரத்திருக்கிறது.

"பிட்டெ டொல்மெச்சர், தமிலிஷ்." தயவுசெய்து தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

மொழிபெயர்ப்பாளரை நேரில் அழைக்க முடியாவிட்டால் தொலைபேசி வழியாகப் பேச வைக்கிற சேவையும் நாட்டில் இருக்கிறது, அதில் தமிழும் உண்டு. நேரம் எடுக்கும்போதே கேளுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அப்பாவுக்குப் புற்றுநோய் என்ற சொல்லைப் பத்து வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வழக்கைப் பாதிக்குமா

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. "கான்சர் எண்டு தெரிஞ்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ?" இல்லை. வருத்தம் இருக்கிறது என்பதற்காக யாருடைய தஞ்சக் கோரிக்கையையும் தள்ள முடியாது. வைத்தியரும் பல் வைத்தியரும் அவர்களுடைய உதவியாளர்களும் உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் வருத்தத்தை வெளியே சொல்வது குற்றவியல் சட்டத்தின் 321வது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம்.

மறைப்பதால்தான் கெடுதல். தஞ்சச் சட்டத்தின் 26அ பிரிவின்படி, விண்ணப்பம் கொடுக்கும்போது ஏற்கனவே தெரிந்த, வழக்குக்கும் திருப்பி அனுப்பும் முடிவுக்கும் முக்கியமான உடல் வருத்தங்களை விண்ணப்பித்த உடனே, பிந்தினால் காரணங்களைக் கேட்கும் விசாரணையிலாவது சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் கூடுதல் ஆதாரம் கேட்பார்கள். எனவே "பல்லுக்கொதிதானே" என்று விட்டுவிடாமல், உங்கள் சட்ட ஆலோசகரிடம் சொல்லுங்கள். தடுப்பில் தாடையில் அடிபட்டவர்கள் அதையும் சொல்லுங்கள். அது உங்கள் வழக்குக்கு வேண்டியது, வைத்தியருக்கும் வேண்டியது. ஆனால் இன்றைய வீக்கத்துக்கு அன்றைய அடிதான் காரணம் என்று நீங்களாகவே தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஒரு கொப்பி

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் நோ தொடங்கிய தேதி. அதன் கீழே, பார்த்த ஒவ்வொரு வைத்தியர், தேதி, என்ன செய்தார், மருந்தின் பெயர். மருந்துப் பெட்டியை வெட்டி ஒட்டினாலும் சரி. இடம் மாற்றும்போது எடுத்த எக்ஸ்றேயின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், அது உங்களுடைய உரிமை. மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னாலும் அனுப்புவார்கள். புதிய வைத்தியரிடம் வாயைத் திறப்பதற்கு முன் கொப்பியைத் திறந்து கொடுங்கள். எழுத்துத் தெரியாத அம்மாமாருக்குப் பக்கத்து அறைப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.

வியாழக்கிழமைகளில் மேசைக்கு வருகிறவர்கள் கடிதத்தோடு அந்தக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். ஜெர்மன் மொழியில் ஒரு பக்கமாகச் சுருக்கி எழுதித் தருகிறேன்.